டெவில்ஸ் லேக் குன்றுகளில் முதல் நடை: புதிதாக வருபவர்களுக்கு

சிகாகோ, மில்வாக்கி, மேடிசன் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் கோடை தொடங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, “பக்கத்தில் மலை ஏதாவது இருக்கா?” என்பதுதான். கண்ணுக்கெட்டிய தூரம் சோளக்காடாகக் கிடக்கும் ஊரில் அது நியாயமான கேள்வி. மலை என்று சொல்லும் அளவுக்கு இங்கே இல்லை. ஆனால் விஸ்கான்சினில் பாராபூ ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஏரி இருக்கிறது. அதன் கிழக்கிலும் மேற்கிலும் தெற்கிலும் காடு மூடிய பாறைக்குன்றுகள் நீர்மட்டத்திலிருந்து சுமார் 500 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. அதுதான் டெவில்ஸ் லேக் ஸ்டேட் பார்க். மேடிசனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சிகாகோவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

நான் இங்கே பல வருடங்களாகப் போய்க்கொண்டிருக்கிறேன். முதல்முறை வருபவர்களைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஏறுவதை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். இங்கே யோசிக்க வேண்டியது இறங்குவதைப் பற்றி. எந்தப் பாதையில் இறங்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி ஏறும் பாதையைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் அந்தக் கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

நடக்கும் முன்பே கல்லைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் குன்றுகள் குவார்ட்ஸைட் பாறை. 160 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதானது. ஒரு காலத்தில் நீருக்கடியில் படிந்த மணல், புதைந்து, அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகி இப்படி ஆகியிருக்கிறது. கத்தரிப்பூ நிறமும் இளஞ்சிவப்பும் கலந்து தெரியும். சில பாறைகளை உற்றுப் பார்த்தால், ஆற்றோர மணலில் தண்ணீர் போடுமே அலையலையாக ஒரு கோலம், அது அப்படியே கல்லில் உறைந்திருப்பதைப் பார்க்கலாம். அப்படி ஒரு பாறை கண்ணில் பட்டால் கையை வைத்துத் தடவிப் பாருங்கள்.

தடவும்போதே இன்னொன்றும் தெரியும். கல் வழவழவென்று இருக்கும். நம் ஊர்க் கருங்கல்லில் ஒரு சொரசொரப்பு உண்டு, மழையில் நனைந்தாலும் கால் ஓரளவு பிடிக்கும். குவார்ட்ஸைட்டில் அந்தப் பிடிப்பு கிடையாது. ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்துத் தேய்ந்த படிகளில் நாலு தூறல் விழுந்தால் போதும், பாசி பிடித்த குளத்துப் படியில் இறங்குகிற மாதிரிதான். காய்ந்த நாளில் இதே படி ஒரு தொந்தரவும் தராது. அதனால் வானிலை பார்ப்பது இங்கே வெயில், குளிருக்காக மட்டும் இல்லை. முந்தின இரவு மழை பெய்திருந்தால் காலையில் காத்திருங்கள். நிழலில் இருக்கும் படிகள் காய மத்தியானம் வரை ஆகலாம்.

ஏரி வந்த கதையும் கல்லோடு சேர்ந்ததுதான். இந்தக் குன்றுகளுக்கு நடுவே முன்பு ஒரு ஆறு ஓடியது. கடைசிப் பனியூழியில் பனிப்பாறை வந்து, பள்ளத்தாக்கின் இரண்டு முனையிலும் மண்ணையும் கல்லையும் குவித்து அடைத்துவிட்டுப் பின்வாங்கியது. நடுவில் தேங்கிய நீர்தான் இன்றைய 360 ஏக்கர் ஏரி. அந்தக் கடுங்குளிர் காலத்தில் பாறை வெடிப்புகளுக்குள் தண்ணீர் புகுந்து உறைந்து, கல்லைப் பிளந்து பிளந்து கீழே தள்ளியிருக்கிறது. குன்றின் சரிவெங்கும் வீட்டளவு, காரளவு பாறைகள் கொட்டிக் கிடப்பது அதனால்தான்.

ஹோ-சங்க் பழங்குடியினர் இந்த ஏரியைப் புனித ஏரி என்ற பொருளில் அழைத்தார்கள். ‘டெவில்’ என்பது பின்னால் வந்த வெள்ளையர் வைத்த பெயர். பறவை, விலங்கு வடிவத்தில் ஹோ-சங்க் மக்களின் முன்னோர் எழுப்பிய மண்மேடுகள் பூங்காவுக்குள் இன்றும் இருக்கின்றன. தள்ளி நின்று பார்த்தால் புல்மேடு மாதிரிதான் தெரியும். பலகை இருக்கும் இடத்தில் நின்று படித்துவிட்டு, மேட்டின் மேல் ஏறாமல் சுற்றிப் போங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

எந்த நாள், எத்தனை மணிக்கு

விஸ்கான்சினின் ஸ்டேட் பார்க்குகளிலேயே அதிகக் கூட்டம் வரும் இடம் இதுதான். வருடத்துக்கு இருபது லட்சத்துக்கும் மேலானோர் வருகிறார்கள். கோடையிலும், இலை நிறம் மாறும் அக்டோபரிலும் சனி, ஞாயிறுகளில் காலை பத்து மணிக்கெல்லாம் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். பூங்கா காலை 6 மணிக்குத் திறக்கிறது. எட்டு மணிக்குள் உள்ளே இருப்பது போல் கிளம்புங்கள். சிகாகோவிலிருந்து என்றால் விடியலுக்கு முன் எழுந்தாக வேண்டும், வேறு வழியில்லை. முடிந்தவர்கள் வார நாளில் விடுப்பு எடுத்து வாருங்கள். அதே ஏரி, ஆனால் காட்டின் சத்தம் காதில் விழும்.

புதிதாக நடப்பவர்களுக்கு மே கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை நல்ல காலம். என்னைக் கேட்டால் செப்டம்பர்தான். கொசு குறைந்திருக்கும், கல் காய்ந்திருக்கும், ஏரித் தண்ணீரில் கோடையின் வெதுவெதுப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும். அக்டோபரில் ஓக், மேப்பிள் மரங்கள் நிறம் மாறி நிற்பது பார்க்கவேண்டிய காட்சிதான். ஆனால் உதிர்ந்த இலை படிகளை மூடிவிடும். எங்கே கல், எங்கே பள்ளம் என்று தெரியாமல் கால் வைக்க வேண்டிவரும். வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் கடைசியில் மாநிலம் முழுக்கத் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் பருவம் வரும். பூங்காவின் சில பகுதிகளிலும் வேட்டைக்கு அனுமதி உண்டு. அப்போது நடக்கப் போனால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் மேலே ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் பாதைகளில் பனி அகற்ற மாட்டார்கள். படியெல்லாம் ஐஸாக இறுகியிருக்கும். முதல் நடைக்கு அந்தப் பருவம் வேண்டாம்.

கிளம்பும் முன்

பூங்காவுக்குள் வரும் ஒவ்வொரு வண்டிக்கும் அனுமதி ஸ்டிக்கர் வேண்டும். ஒரு நாளுக்கும் வாங்கலாம், வருடத்துக்கும் வாங்கலாம். விஸ்கான்சின் நம்பர் பிளேட் இல்லாத வண்டிக்குக் கட்டணம் கூடுதல். வருட ஸ்டிக்கர் அந்த வருடம் டிசம்பர் 31 வரை விஸ்கான்சினின் எல்லா ஸ்டேட் பார்க்குகளுக்கும் செல்லும். வருடத்தில் நாலைந்து முறையாவது வருவீர்கள் என்றால் அதையே வாங்கிவிடுங்கள்.

குன்றுகளுக்கு நடுவே செல்போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. மேப்பை வீட்டிலேயே இறக்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். நுழைவில் காகித மேப் கிடைத்தால் அதையும் எடுத்து மடித்துப் பாக்கெட்டில் வையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வண்டியில் வருபவர்கள் “நார்த் ஷோரில் சந்திப்போம்” என்று இடத்தையும் நேரத்தையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஏரிக்கு நார்த் ஷோர், சவுத் ஷோர் என்று இரண்டு பக்கமும் தனித்தனி பார்க்கிங் இருக்கிறது. காரில் சுற்றி வரவே நேரம் பிடிக்கும். ஒரு குடும்பம் அந்தக் கரையிலும் இன்னொன்று இந்தக் கரையிலும் காத்திருந்து, பாதி காலை போனதை நான் பார்த்திருக்கிறேன்.

காலுக்கு என்ன போடுவது என்பதில் மட்டும் சமரசம் வேண்டாம். செருப்பு, ஃப்ளிப் ஃப்ளாப், அடிப்பக்கம் தேய்ந்துபோன பழைய ஸ்னீக்கர், மூன்றும் கூடாது. விலையுயர்ந்த பூட்ஸ் வாங்கவும் தேவையில்லை. அடியில் பள்ளம் பள்ளமாக நல்ல பிடிப்புள்ள ஷூ போதும். கட்டை விரலுக்கு முன்னால் அரை விரல் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கும்போது கால் முன்னால் தள்ளும், இடம் இல்லாத ஷூவில் நகம் கறுத்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு ஜோடி ஊன்றுகோல் எடுத்துவாருங்கள். இறக்கத்தில் முழங்காலின் பாரத்தைக் கை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

பேன்ட் முழு நீளமாக, வெளிர் நிறமாக இருக்கட்டும். வெயில் நாளில் அரை டவுசர் போடத் தோன்றும். ஏன் வேண்டாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஒரு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மேலே ஏறிவிட்டால் குழாய் எதுவும் கிடையாது. சாப்பாட்டுக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தி, கடலைமிட்டாய் எல்லாம் தாங்கும். தயிர் சாதத்தை ஐஸ் பெட்டியில் காரிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்து சாப்பிடுங்கள், அப்போது அதற்கு இன்னும் ருசி. மேலே உட்கார்ந்து சாப்பிடும்போது அணில்கள் பக்கத்திலேயே வரும். பிள்ளைகள் ஆசையாக நீட்டுவார்கள், கொடுக்க விடாதீர்கள். மனிதர் கை உணவுக்குப் பழகிய பிராணி பையைக் கடித்து எடுக்கும் அளவுக்குப் போய்விடும். ஒரு பருக்கை கூட மேலே விட்டுவராமல், குப்பைக்கு என்று தனிப் பை எடுத்துப் போங்கள்.

முதல் நடைக்கு எந்தப் பாதை

முதல்முறை வருபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்: நார்த் ஷோரில் வண்டியை நிறுத்துங்கள், ஈஸ்ட் பிளஃப் (கிழக்குக் குன்று) டிரெயில் வழியாக ஏறுங்கள், ஈஸ்ட் பிளஃப் உட்ஸ் டிரெயில் வழியாக இறங்கி அதே இடத்துக்குத் திரும்புங்கள். மொத்தம் மூன்று மைல் சுற்று, ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். பழகியவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பார்கள். குடும்பத்தோடு, நின்று பார்த்து, உட்கார்ந்து சாப்பிட்டு வர மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்தச் சுற்று? ஏறும் பக்கம் குன்றின் விளிம்பை ஒட்டியே போகிறது. கல் படி, பாறை, ஏரிக் காட்சி எல்லாம் கால் புத்துணர்ச்சியோடு இருக்கும்போதே கிடைத்துவிடும். இறங்கும் பக்கம் விளிம்பை விட்டு விலகிக் காட்டுக்குள் மெதுவாகச் சரிகிறது. செங்குத்துப் படி இல்லை. களைத்த காலுக்கு அப்படி ஒரு பாதைதான் வேண்டும்.

இதை நான் சுலபத்தில் கற்றுக்கொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்த கோடையில், ஈஸ்ட் பிளஃப் ஏறி, பேலன்ஸ்டு ராக் (விழாமல் சமநிலையில் நிற்கும் ஒரு பாறை) டிரெயில் வழியாகச் சவுத் ஷோருக்கு இறங்கலாம் என்று கூட்டிப்போனேன். மேப்பில் அது வெறும் 0.4 மைல். அரை மைல் கூட இல்லையே என்று நினைத்தேன். அந்த 0.4 மைலில்தான் குன்றின் உயரம் முழுவதையும் இறங்க வேண்டும் என்பது தலையில் ஏறவில்லை. பாறைக் குவியலின் மேல் அடுக்கிய கல் படிகள், ஒன்று ஒரு சாண் உயரம், அடுத்தது ஒரு முழம். பாதியில் அம்மாவின் முழங்கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. “நீ முன்னாடி போப்பா, நான் உக்காந்து உக்காந்து வர்றேன்” என்று சொல்லி, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, காலைக் கீழே வைத்து, நகர்ந்து இறங்கினார். கீழே வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதோடு முடியவில்லை. வண்டி நின்றது நார்த் ஷோரில். நாங்கள் இறங்கியது சவுத் ஷோர். ஏரியின் கிழக்குக் கரையோரமாக ரயில் தண்டவாளம் போகிறது. பார்த்தால் அது நேராக நார்த் ஷோருக்குப் போகும் குறுக்குவழி மாதிரி தெரியும், சிலர் நடக்கவும் செய்கிறார்கள். அதில் இன்றும் ரயில் ஓடுகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தண்ணீர், ஒதுங்க இடமில்லை. தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படியும் குற்றம். முறையான வழி ஏரியின் மேற்குக் கரையைச் சுற்றிப் போவது. அன்று அப்பாவையும் அம்மாவையும் கரையில் உட்காரவைத்துவிட்டு, நான் மட்டும் சுற்றிப் போய் வண்டியை எடுத்துவந்தேன்.

ஏறத் தொடங்கியதும்

நார்த் ஷோரின் கிழக்குப் பக்கம் தண்டவாளத்தைக் கடந்ததும் டிரெயில் தொடங்கும் இடத்தில் பலகை இருக்கும். முதல் பத்து நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். ஏற்றம் ஆரம்பத்திலேயே வந்துவிடும். மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகம் சரியான வேகம். பேச்சு தடுமாறினால் நின்று, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள்.

சிறிது தூரத்தில் எலிஃபன்ட் ராக் வரும், பக்கத்திலேயே ஒரு சிறு குகை. பிள்ளைகள் அங்கே கொஞ்ச நேரம் விளையாடட்டும். அதற்குப் பிறகு மரங்களுக்கு நடுவே நீலமாக ஏரி தெரியத் தொடங்கும். ஒவ்வொரு பார்வை இடத்திலும் எல்லோருக்கும் புகைப்படம் எடுக்கத் தோன்றும். இங்கேதான் நான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

விளிம்பில் கம்பி வேலி கிடையாது. பாறை ஓரம் வரை நடந்து போகலாம், அதற்கு அப்புறம் நேராகக் கீழேதான். இங்கே விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. ஆகவே சில வழக்கங்களை வீட்டிலேயே பேசி வையுங்கள். போனைப் பார்த்துக்கொண்டே கால் எடுத்து வைக்கக் கூடாது. நடக்கிறவர் நடக்கட்டும், படம் எடுக்கிறவர் நின்று எடுக்கட்டும். விளிம்புக்கு முதுகைக் காட்டி நிற்பவரிடம் “இன்னும் கொஞ்சம் பின்னால போ” என்று யாரும் சொல்லக் கூடாது. ஓரத்திலிருந்து இரண்டு ஆள் நீளம் தள்ளி உட்கார்ந்தாலும் ஏரி முழுசாகத் தெரியும். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு வைத்து, விளிம்புப் பகுதியில் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். விரலைப் பிடித்தால் உருவிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

கல்லில் நடக்கும் முறையும் கொஞ்சம் வேறு. நீள அடி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் கல்லில் படும்படி வையுங்கள். பாரத்தை மாற்றும் முன் கல் ஆடுகிறதா என்று ஒரு நொடி பாருங்கள். பெரிய படி வந்தால் பக்கத்துப் பாறையைக் கையால் பிடித்துக்கொண்டு ஏறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கீழே யார் நடக்கிறார்கள் என்று தெரியாது, அதனால் ஒரு கூழாங்கல்லைக்கூடக் கீழே தள்ளவோ எறியவோ விடாதீர்கள். சில பாறை முகங்களில் கயிறு கட்டி ஏறுபவர்களும் இருப்பார்கள். இந்தக் கெட்டியான கல்லுக்காகவே தூரத்திலிருந்து வருகிறார்கள்.

இந்தப் படிகளை யார் போட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு நடந்தால் மரியாதை கூடும். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்காக அமெரிக்க அரசு சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் (சுருக்கமாக சிசிசி) என்ற திட்டத்தைத் தொடங்கியது. 1935 முதல் 1941 வரை அதன் முகாம் இங்கே இருந்தது. இவ்வளவு கெட்டியான கல்லைப் புரட்டி, படியாக அடுக்கி, பாதையும் கட்டடங்களும் அமைத்தது அந்தப் பையன்கள்தான். தெற்குப் பக்கம் ஒரு பாதைக்கு இன்றும் ‘சிசிசி டிரெயில்’ என்றே பெயர்.

மேலே நடக்கும்போது வானத்தைப் பாருங்கள். சிவந்த தலையோடு டர்க்கி வல்ச்சர் என்கிற பிணந்தின்னிக் கழுகுகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிடும். சில நேரம் நீங்கள் நிற்கும் உயரத்துக்குக் கீழேயே பறக்கும். பறவையின் முதுகை மேலிருந்து பார்ப்பது ஒரு தனி அனுபவம்.

தென்முனைப் பக்கம் வரும்போது டெவில்ஸ் டோர்வேக்குப் போகும் சிறு கிளைப்பாதைக்குப் பலகை இருக்கும். பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று நின்று வாசல் மாதிரி அமைந்திருக்கும் இடம் அது. படி இறங்கி ஏற வேண்டும், ஆனால் குறைந்த தூரம்தான், போய்ப் பாருங்கள். வாசலின் மேல் ஏற வேண்டாம். பேலன்ஸ்டு ராக்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், அந்த டிரெயிலில் மேலிருந்து கொஞ்சம் மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டு மீண்டும் ஏறி வந்துவிடுங்கள். முழுக்க இறங்க வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்கிறேன்.

காட்டு வழியாகத் திரும்பும்போது

அங்கிருந்து ஈஸ்ட் பிளஃப் உட்ஸ் டிரெயில் பலகையைப் பார்த்துத் திரும்புங்கள். காட்சி எதுவும் கிடையாது என்று சிலர் இதைத் தவிர்த்து வந்த வழியே போகிறார்கள். எனக்கு இந்தப் பகுதிதான் பிடிக்கும். நிழலும், இலையழுகிய மண் வாசனையும், மரங்கொத்தியின் தட்டலும் துணைக்கு வரும். காலையில் ஏறும்போது சளசளவென்று பேசிய பிள்ளைகள்கூட இங்கே வந்தால் அமைதியாகிவிடுவார்கள்.

ஆனால் பாதையை விட்டு விலகிப் புதருக்குள் போகாதீர்கள். மூன்று காரணம். முதலாவது பாய்சன் ஐவி. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்குக் காம்பு கொஞ்சம் நீளம். பட்டால் தோலில் கொப்புளமும் அரிப்பும் வந்து, வாரக்கணக்கில் படுத்தும். பட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் சீக்கிரமே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், உடையையும் துவையுங்கள். இரண்டாவது டிம்பர் ராட்டில் ஸ்நேக். வாலைக் கிலுகிலுக்கும் விஷப் பாம்பு. இந்தப் பூங்காவில் உண்டு, ஆனால் பார்ப்பது அபூர்வம், தானாகத் துரத்தி வராது. கண் தெரியாத பாறை இடுக்கில் கையை விடாமல் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினையே வராது. பார்த்தால் அப்படியே பின்வாங்கி விலகிப் போங்கள், அடிக்கப் போகாதீர்கள்.

மூன்றாவது உண்ணி. பாம்பை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை. உண்மையில் அதிகக் கவனம் வேண்டியது இதற்குத்தான். ஊரில் மாட்டிலும் நாயிலும் பார்த்த உண்ணி மாதிரி பெரிதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். இங்கே மான் உண்ணி என்பது வளர்ந்ததே எள்ளளவு. குஞ்சு கசகசா அளவு. இது லைம் என்ற நோயைப் பரப்பும். புல் நுனியில் காத்திருந்து, உரசிப் போகும் காலில் தொற்றிக்கொள்ளும். முழு பேன்ட் போடச் சொன்னது இதனால்தான். பேன்ட் முனையைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். வெளிர் நிறத் துணியில் உண்ணி நடந்தால் கண்ணுக்குத் தெரியும். டீட் (DEET) என்ற பூச்சிவிரட்டி உள்ள ஸ்ப்ரேயைக் கிளம்பும் முன் அடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளித்து, உடம்பு முழுக்கத் தேடுங்கள். முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், காதின் பின்பக்கம், தலைமுடிக்குள். பிள்ளைகளுக்கு நீங்களே பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மேலே இழுத்து எடுங்கள். தீக்குச்சி வைப்பது, எண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் லைம் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்த ஒரு மாதத்துக்குள் வட்டமாகச் சிவந்து பரவும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் போய், உண்ணி கடித்ததைத் தவறாமல் சொல்லுங்கள்.

இறங்கிய பிறகு

நார்த் ஷோரில் மணல் கரை இருக்கிறது. வெந்த காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்காரலாம், நீந்தலாம். காவலுக்கு லைஃப் கார்டு யாரும் இருக்க மாட்டார்கள். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை ஒரு பெரியவர் வேறு வேலை பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மேலே இருக்கும்போது இடி கேட்டால் விளிம்பையும் தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தையும் விட்டு விலகி, காட்டு வழியாக இறங்கி வண்டிக்குள் போய்விடுங்கள். யாருக்காவது கால் சுளுக்கினாலோ அதைவிடப் பெரிதாக ஏதாவது ஆனாலோ 911 அழையுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் ஒருவர் அடிபட்டவரோடு இருக்க, இன்னொருவர் மேப்பில் இடத்தைக் குறித்துக்கொண்டு கீழே போய்ச் சொல்ல வேண்டும். எந்த டிரெயில், கடைசியாகப் பார்த்த பலகை எது என்று சொன்னால் மீட்பவர்கள் சீக்கிரம் வந்து சேர்வார்கள். நவம்பர் தொடக்கத்தில் கடிகாரம் மாற்றிய பிறகு மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். எந்தப் பருவமானாலும் ஆளுக்கொரு சின்ன டார்ச் பையில் இருக்கட்டும், போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம்.

வயதானவர்களோடு வந்தால்

ஏரியின் மேற்குக் கரையில் டம்பிள்டு ராக்ஸ் டிரெயில் இருக்கிறது. ஒரு மைல், ஏறக்குறைய சமதளம். குன்றிலிருந்து உருண்டு விழுந்த பெரும் பாறைகளுக்கு நடுவே, தண்ணீரை ஒட்டியே போகும். சில இடங்களில் தளம் ஏற்ற இறக்கமாக இருக்கும் என்பதால் சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் ஒத்துவராது. நடக்க முடிந்த பெரியவர்களுக்கு ஏற்றது. வேண்டிய இடத்தில் கல்லில் உட்காரலாம், எங்கே வேண்டுமானாலும் திரும்பிவிடலாம். அம்மா இரண்டாவது முறை வந்தபோது இங்கேதான் கூட்டிப்போனேன். அந்தப் பாறைகளின் நிறத்தைத் தடவிப் பார்த்தபடி, நாங்கள் யாரும் அவசரப்படுத்தாமல், மத்தியானம் வரை நடந்தார்.

அடுத்த முறை

ஈஸ்ட் பிளஃப் சுற்று சிரமமில்லாமல் முடிந்தால், அடுத்த வருகையில் வெஸ்ட் பிளஃப். 1.4 மைல் டிரெயில், கூட்டம் கொஞ்சம் குறைவு. இதிலும் இறக்கத்தை முதலில் தீர்மானியுங்கள். நார்த் ஷோரில் வண்டியை விட்டு, டம்பிள்டு ராக்ஸ் வழியாகத் தெற்கே நடந்து, அங்கிருந்து செங்குத்தான பக்கத்தில் ஏறி, வடக்கே சுலபமான சரிவில் இறங்குங்கள். மூன்று மைலுக்குள் முடிந்துவிடும். இரண்டு குன்றையும் சேர்த்து ஏரியைச் சுற்றும் சுமார் ஐந்து மைல் நடையை மூன்றாவது முறைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது பேலன்ஸ்டு ராக் படிகளில் ஏறும் திசையில் போங்கள். கை கால் எல்லாம் பயன்படுத்தி ஏற அது அருமையான பாதை.

வெஸ்ட் பிளஃப் போகும் நாளில் சாயங்காலம் மேலே இருப்பது போல் கிளம்புங்கள். மேற்கு வெயில் முதுகில் விழும்போது எதிரே, ஏரிக்கு அந்தப் பக்கம், முன்பு நீங்கள் நடந்த ஈஸ்ட் பிளஃப் முழுவதும் செம்மையும் ஊதாவுமாக ஒளிரும். எலிஃபன்ட் ராக் எங்கே, சாப்பிட உட்கார்ந்த பாறை எங்கே என்று விரல் நீட்டிக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருங்கள். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே இறங்கத் தொடங்கிவிடுங்கள்.